கழுகுகள் எங்கே போயின?

திருக்கழுக்குன்றத்து மலை உச்சியில், பட்சி தரிசனத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறிவந்த கால்வலி ஒரு பக்கம். பாறையின் சூடு இன்னொரு பக்கம். பாட்டியார் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் சிவநாமம் சொல்லிக்கொண்டிருந்தார். பூஜை செய்பவர் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு பாறையின் மேல் அமர்ந்திருந்தார். கூட்டம் முழுவதும் ஆகாயத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கழுகு வரவில்லை.

கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. "யாரோ பாவி வந்திருக்கிறான். அவன் இருக்கிற வரையில் பட்சி இறங்காது!" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்று காலையில்தான் பாட்டியாரின் சுருக்குப் பையிலிருந்து ஓரணாவை எடுத்துக் கமர்கட் வாங்கித் தின்றிருந்தேன். அந்தப் பாவி யார் என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்! மெல்ல நழுவிப் படியிறங்கி விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "அதோ! அதோ!" என்று ஒரு கூச்சல். வெள்ளை உடலும் கறுத்த இறக்கை ஓரமும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வட்டமிட்டு இறங்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல் நிதானமாக நடந்துவந்து, கிண்ணத்திலிருந்த பொங்கலை உண்டு, அலகைத் துடைத்துக்கொண்டு பறந்து போயின. பாட்டியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் ஓரணாவைச் சிவபெருமான் மன்னித்துவிட்டார் என்று நானும் போட்டுக்கொண்டேன்.

சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு உருவில் இங்கே வழிபட்டு முக்தி அடைகிறார்கள் என்பது அந்தத் தலத்தின் வரலாறு. திரேதா யுகத்து ஜோடி சம்பாதியும் ஜடாயுவும். கலியுகத்து ஜோடிதான் நாம் பார்த்தவை. எத்தனையோ தலைமுறைகளாக நடந்துவந்த காட்சி அது. அரசுகள் வந்தன, போயின. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வர்த்தகம் செய்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்து, ஒருகல் மண்டபத்துக் கல்லில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். (சுற்றுலாத் தலங்களில் பெயர் செதுக்கும் கலை நம்மவர்களுக்கே உரியது என்று எண்ணியிருந்தேன், அந்தப் பெருமையும் நமக்கு இல்லை!) டச்சுக்காரர்கள் போனார்கள், ஆங்கிலேயர்கள் வந்து அவர்களும் போனார்கள். உச்சிப்பொழுதில் கழுகுகள் வருவது மட்டும் நிற்கவில்லை.

1990-களின் இறுதியில் அது நின்றுவிட்டது. பொங்கல் கிண்ணம் காத்திருந்தது, கூட்டம் காத்திருந்தது, ஆகாயம் வெறுமையாக இருந்தது. கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். பாவிகள் பெருகிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர்.

ஆனால் கழுகுகள் காணாமற்போனது கழுக்குன்றத்தில் மட்டும் அல்ல. அதே ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்கு வரையில், இந்தியாவின் ஆகாயம் முழுவதிலிருந்தும் அவை மறைந்துகொண்டிருந்தன. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்லப்போகிறேன். இது பறவைகளின் கதைதானே என்று யாரும் இலேசாக எண்ணிவிட வேண்டாம். இதில் செத்தவர்கள் மனிதர்கள், அதுவும் லட்சக்கணக்கில்.

* * *

கழுகு என்ற ஒரே சொல்லால் நாம் பல பறவைகளைக் குறிப்பிடுகிறோம். உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிப்பவை ஒரு வகை. செத்த உடலைத் தவிர வேறு எதையும் பெரும்பாலும் தொடாதவை இன்னொரு வகை. பின்னதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் 'பாறு' என்றும் 'எருவை' என்றும் தனியாகப் பெயரிட்டு அழைத்தார்கள். போர்க்களத்தைப் பாடியவர்களுக்கு அந்தப் பறவைகளோடு நல்ல பழக்கம் இருந்தது. நாமோ அந்தப் பெயர்களை மறந்துவிட்டுப் 'பிணந்தின்னி' என்ற வசைப் பெயரை வைத்துக்கொண்டோம். வட்டிக்கடைக்காரரைத் திட்டவும், சாவு வீட்டில் சொத்துத் தகராறு செய்பவரைத் திட்டவும் இந்தப் பெயரே நமக்கு உதவுகிறது. நானும் என் நாவல்களில் ஒன்றிரண்டு வில்லன்களுக்குக் கழுகு மூக்கு வைத்திருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அந்தப் பறவையின் தொழில் என்ன என்று பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையுமாக முப்பது கோடிக்கு மேல் இருக்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலான மாடுகள் வயதாகியோ நோயுற்றோ சாகின்றன. செத்த மாட்டை ஊருக்கு வெளியே ஒரு திடலில் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோலை உரிப்பவர் தோலை எடுத்துக்கொள்வார். அவர் இந்தப் பக்கம் திரும்பியதும் ஆகாயத்திலிருந்து கழுகுகள் இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்புக்கூடு மிஞ்சும். காய்ந்த எலும்பை உர ஆலைக்காக வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போக இன்னொருவர் வருவார். நாற்றம் இல்லை, ஈ இல்லை, புழு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்குக் காலணாச் செலவும் இல்லை.

அதன் உடலமைப்பே இந்தத் தொழிலுக்காக ஏற்பட்டது. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாமல் வழுக்கையாக இருப்பதைப் பார்த்து நாம் முகத்தைச் சுளிக்கிறோம். பிணத்துக்குள் தலையை விட்டு உண்பவனுக்கு இறகு இருந்தால் அதில் இரத்தமும் கிருமியும் அல்லவா ஒட்டிக்கொள்ளும்? அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. நம்மை நாலே நாளில் பாடையில் ஏற்றிவிடக்கூடிய கிருமிகள்கூட அங்கே போனால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நாயும் எலியும் பிணத்தைத் தின்றால், நோயைச் சுமந்துகொண்டு நம் தெருவுக்கே வந்துவிடும். கழுகு தின்றால் அந்த நோயின் பயணம் அதோடு முடிந்துவிடும்.

சென்ற நூற்றாண்டின் 1980-களில் இந்தியாவில் இந்தப் பறவைகள் கோடிக்கணக்கில் இருந்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனம், உலகத்திலுள்ள பெரிய ஊனுண்ணிப் பறவைகளிலேயே மிக அதிக எண்ணிக்கை உடையதாக இருக்கலாம் என்று பறவை அறிஞர்கள் கருதினார்கள். தலைநகரமான டில்லியில்கூடச் சாலையோர மரங்களில் அவை கூடு கட்டிக் குடித்தனம் நடத்தின. ஏராளமாக இருப்பதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? காக்கையை எண்ணுகிறவன் உண்டா? அப்படித்தான் கழுகையும் யாரும் எண்ணவில்லை.

ஆனால் ஒருவர் எண்ணினார். ராஜஸ்தானத்தில் பரத்பூருக்கு அருகிலுள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பகத்தில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் கழுகுக் கூடுகளைக் கணக்கெடுத்தார். வெண்முதுகுப் பாறுகள் மட்டும் 350 ஜோடிகளுக்கு மேல் இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 1996-97-இல் அவர் மறுபடியும் எண்ணியபோது பாதிகூட இல்லை. சுமார் 150 ஜோடிகளே தேறின. அவர் கண்ட காட்சி இன்னும் கவலை தருவதாக இருந்தது. கிளையில் உட்கார்ந்திருக்கும் கழுகின் கழுத்து, தூக்கத்தில் தலை சாய்கிறவனுடையதைப்போல் மெல்ல மெல்லத் தொங்கும். சில நாட்களில் பறவை கீழே விழுந்து கிடக்கும். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் காப்பகத்தில் ஒரு கூடுகூட மிஞ்சவில்லை.

நாடு முழுவதும் கணக்கெடுத்தபோதுதான் விபரீதம் புரிந்தது. 1992-ஆம் ஆண்டில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில், 2007-இல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் நெருங்கிய உறவினங்களான வேறு இரண்டு வகைக் கழுகுகளும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்துபோயின. இவ்வளவு பெரிய கூட்டமாக வாழ்ந்த ஒரு பறவை இவ்வளவு வேகமாக அழிந்ததற்குச் சரித்திரத்தில் உதாரணம் தேடுவதே கடினம்.

* * *

கொலையாளி யார்? துப்பறியும் நாவல்களில் வருவதைப்போலச் சந்தேகம் முதலில் எல்லார் மேலும் விழுந்தது. புதிய தொற்றுநோயோ என்று பார்த்தார்கள். பூச்சி மருந்தோ என்று பார்த்தார்கள். ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுகளைத் தேடினார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஒரு தடயம் மட்டும் கிடைத்தது. இதயம், ஈரல் முதலிய உறுப்புகளின் மேல் சுண்ணாம்பு தடவியதைப்போல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய், வெளியேற வேண்டிய உப்பு உடலுக்குள்ளேயே தேங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். சிறுநீரகத்தைக் கெடுத்தது எது?

2004-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபில் செத்த கழுகுகளை ஆராய்ந்துகொண்டிருந்த லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய கேள்வி கேட்டார்கள். 'கழுகின் ஒரே உணவு செத்த கால்நடை. அந்தக் கால்நடைக்கு அண்மைக் காலத்தில் புதிதாக எந்த மருந்து கொடுக்கிறார்கள்?' என்பதே அந்தக் கேள்வி. கால்நடை மருந்துக் கடைகளில் விசாரித்தார்கள். டைக்ளோஃபினாக் என்ற பெயர் வந்தது. அது வலி நிவாரணி. முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் நீங்களும் நானும் விழுங்குகிற அதே மருந்துதான். வெள்ளைப் பொடி படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். இருபத்தைந்திலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார்கள். ஒன்றில்கூட அது இல்லை.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்தக் கதையில் வில்லனே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

1990-களில் இந்த மருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. வண்டிமாட்டுக்குக் கால் வீங்கிவிட்டது. கறவை மாட்டுக்கு மடி வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? நாலு காசு செலவழித்து ஓர் ஊசி போடச் சொல்லுகிறான். மாடு வலி தீர்ந்து எழுந்து நிற்கிறது, பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. வாயில்லாச் சீவன் படும் வேதனையைப் பார்க்கச் சகியாமல் அவன் செய்த காரியம் அது. ஊசி போட்ட வைத்தியரும் நல்லவரே. மருந்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானியையோ கோடிக்கணக்கான மக்கள் வாழ்த்துகிறார்கள். ஊசி போட்டும் பிழைக்காமல் இரண்டொரு நாளில் செத்துப்போன மாடு திடலுக்கு வருகிறது. ஆகாயத்திலிருந்து கழுகுகள் இறங்குகின்றன.

எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள் என்று கேட்கலாம். இல்லை. ஆனால் நூறு பிணங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே கழுகு இனத்தை அழிக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காரணம் எளியது. கழுகு தனியாக உண்பதில்லை. பந்தி போட்டு உண்ணும். ஒரு பிணத்தைச் சுற்றி ஐம்பது அறுபது பறவைகள் கூடும். கல்யாணப் பந்தியில் ஓர் அண்டாச் சாம்பாரில் விஷம் கலந்தால் என்ன ஆகும்? அதோடு, கழுகு நிதானமான குடித்தனக்காரன். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து கூடு கட்டும் வயதை அடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒரு பகற்பொழுதில் போனதை ஒரு தலைமுறையில் ஈடு செய்ய அதற்கு இயலாது.

* * *

கழுகுகள் போனபிறகு திடலில் மாடுகள் அப்படியே கிடந்து அழுகின. சாப்பாடு ஏராளமாகக் கிடைக்கவே தெருநாய்கள் பெருகின. 1992-க்கும் 2003-க்கும் இடையில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள் அதிகமாகிவிட்டன என்று ஒரு மதிப்பீடு. நாய் பெருகினால் நாய்க்கடி பெருகும். வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது என்பது எல்லாருக்கும் தெரியும். கழுகுகள் அழிந்ததன் விளைவாக மட்டும் 1992 முதல் 2006 வரை ஏறத்தாழ 48,000 பேர் இந்த நோயால் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்று 2008-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது.

அது பாதிக் கதைதான். நாயும் தின்று தீர்க்காத பிணங்களை ஆற்றிலும் வாய்க்காலிலும் தள்ளினார்கள். குடிக்கும் தண்ணீர் கெட்டது. அனந்த் சுதர்சன், ஏயால் ஃபிராங்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முன்பு கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும், கழுகுகள் என்றுமே அதிகம் வாழாத மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து வருவதற்கு முன்பு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. மருந்து வந்து கழுகுகள் மடிந்தபிறகு, முதல் வகை மாவட்டங்களில் மட்டும் மனிதர்களின் மரண விகிதம் நூற்றுக்கு நான்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. 2000 முதல் 2005 வரையுள்ள ஆண்டுகளில் மட்டும் இப்படிக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். 2024-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

ஐந்து லட்சம் பேர்! ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் செத்திருந்தால் நினைவுத் தூண் எழுப்பியிருப்போம். இவர்களுக்கு அதுவும் இல்லை. தாங்கள் எதனால் சாகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கு என்று ஒரு வீட்டில் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் என்று இன்னொரு வீட்டில். 'கழுகு இல்லாததனால்' என்று எந்த வீட்டில் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

பம்பாயில் வாழும் பார்சி சமூகத்தாருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நிலம், நீர், நெருப்பு மூன்றும் புனிதமானவை. பிணத்தால் அவற்றை மாசுபடுத்தக் கூடாது என்பது அவர்களுடைய மத நம்பிக்கை. ஆகவே மலபார் குன்றிலுள்ள மௌன கோபுரங்களில் உடலை வைத்துவிட்டு வருவார்கள். கழுகுகள் வந்து விரைவில் காரியத்தை முடித்துவிடும். செத்தபிறகும் தன் உடலைப் பிற உயிருக்குத் தானமாகக் கொடுக்கும் அந்த வழக்கம், கழுகுகள் இல்லாமற்போனதும் தடுமாறியது. சூரிய ஒளியைக் குவிக்கும் சாதனங்களை அங்கே பொருத்த வேண்டியதாயிற்று. மரபு பிசகாமல் பெற்றோருக்கு இறுதிக் கடன் செய்ய முடியவில்லையே என்று மனம் நொந்தவர்கள் அந்தச் சமூகத்தில் பலர். ஒரு பறவை போனால் நோய் மட்டும் வருவதில்லை. ஒரு சமூகம் தன் முன்னோருக்குச் செய்யும் மரியாதையே இடறிப்போகிறது.

* * *

அறியாமல் செய்த பிழை இது. அறிந்தே செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் மா சே துங் நான்கு பகைவர்களின் மேல் போர் அறிவித்தார். எலி, ஈ, கொசு இவை மூன்று, நாலாவது சிட்டுக்குருவி. குருவி தானியத்தைத் தின்கிறது. குருவியைக் கொன்றால் தானியம் மிஞ்சும் என்பது சர்க்கார் போட்ட கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஆலைத் தொழிலாளிகளும், கிழவர்களும் கிழவிகளும் தட்டையும் தகரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறி ஓயாமல் தட்டினார்கள். உட்கார இடமின்றிப் பறந்து பறந்து, இறக்கை சோர்ந்து குருவிகள் விழுந்து செத்தன. ஷாங்காய் நகரத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குருவிகள் கொல்லப்பட்டன என்பது அக்காலத்துக் கணக்கு.

குருவி தானியம் தின்பது உண்மைதான். ஆனால் தன் குஞ்சுகளுக்கு அது தானியம் கொடுப்பதில்லை. பூச்சியையும் புழுவையும் பிடித்துக்கொண்டுபோய் ஊட்டுகிறது. குருவிகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்து இதை எடுத்துச் சொன்ன பறவை அறிஞர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். குருவிகள் போனபிறகு பூச்சிகளைத் தடுக்க ஆள் இல்லை. அந்த ஆண்டுகளில் சீனாவில் வந்த பெரும் பஞ்சத்தில், மிகக் குறைந்த மதிப்பீட்டின்படியே ஒன்றரைக் கோடிப் பேர் மாண்டார்கள். பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அரசாங்கம் விவசாயியிடமிருந்து தானியத்தைப் பறித்துக்கொண்டதே அவற்றில் முதன்மையானது. ஆனால் விளைச்சல் குறைந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குருவிகளைக் கொன்றதே காரணம் என்று அண்மையில் ஒரு பொருளாதார ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. 1960-இல் பகைவர் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பரிந்து பேச யாரும் வரவில்லை என்று நினைக்கிறேன்!

சீனாவில் பறவையைப் பகைவன் என்று எண்ணிக் கொன்றார்கள். இந்தியாவில் பறவையைப் பற்றிய எண்ணமே இல்லாமல் கொன்றோம். இரண்டு தேசத்திலும் கணக்கு வந்து விடிந்தது மனிதர்கள் தலையில்தான்.

'உலகில் எத்தனையோ உயிரினங்கள் தோன்றி மறைந்திருக்கின்றன. ஒன்றிரண்டு போனால் என்ன? விஞ்ஞானம் இருக்கிறது, மாற்று வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் ஒரு பழைய கூட்டுக் குடும்பத்தை ஞாபகப்படுத்துவேன். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில், சிறு வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஓர் அத்தை இருப்பார். வீட்டார் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. விசேஷ நாட்களில் எதிரே வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு நாள் அத்தை கண்ணை மூடிவிடுவார். பத்தாம் நாள் காரியம் முடிவதற்குள் வீடு நாறிப்போகும். கொல்லையில் சாணம் அள்ளியது யார், பிள்ளைகளின் புண்ணுக்குப் பத்துப் போட்டது யார், மழை வருமுன் நெல்லை வாரி உள்ளே வைத்தது யார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அந்த வேலைகளுக்கு ஆள் வைக்கலாம் என்று பார்த்தால், என்னென்ன வேலை என்று சொல்வதற்கே வீட்டில் யாருக்கும் தெரியாது!

இந்த உலகம் அப்படிப்பட்ட பெரிய வீடு. இங்கே எத்தனை அத்தைகள் சத்தமில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் பேரேடு கிடையாது. வயலில் பூச்சி பிடிக்கும் தவளை ஒன்று. மகரந்தம் சுமக்கும் தேனீ ஒன்று. விதையை விழுங்கிக் காட்டில் தூவும் இருவாச்சி ஒன்று. இவற்றில் எந்த ஒன்றின் பின்னால் எத்தனை லட்சம் மனித உயிர்கள் நிற்கின்றன என்பதை, அது போனபிறகுதான் நம்மால் எண்ண முடிகிறது. ஆகையால் பிற உயிர்களைக் காப்பது புண்ணியக் கணக்கு மட்டும் அல்ல. நம் பிள்ளைகளின் ஆயுள் கணக்கும் அதுதான்.

* * *

இவ்வளவு சொன்னபிறகு நல்ல சேதியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பதை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அவ்வாறே செய்தன. மனிதர்களுக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் தந்திரத்தையும் 2015-இல் தடுத்தார்கள். கழுகுக்குக் கேடு விளைக்கும் அஸிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் என்ற வேறு இரண்டு கால்நடை மருந்துகளும் 2023-இல் தடை செய்யப்பட்டன. மாட்டின் வலியைத் தீர்க்கவும் கழுகைக் கொல்லாமல் விடவும் மெலாக்சிகம் என்ற மருந்து இருக்கிறது. குடியானவனின் இரக்கத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவன் கையிலுள்ள குப்பியை மாற்றினால் போதும்.

ஹரியானாவில் பிஞ்சோர் என்ற ஊரில் கழுகுகளைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்குகிறார்கள். நம் தமிழ்நாட்டில், நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகுகள் இன்னும் இயற்கையாகவே வாழ்கின்றன. ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தென்னாட்டில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்குப் பெரிய புகலிடம் அதுதான். அங்கே காட்டு விலங்குகளின் உடல்கள் மருந்து கலக்காத உணவாகக் கிடைப்பது ஒரு காரணம். இந்தப் பறவைகளைக் காப்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் தனிக்குழு ஒன்றை அமைத்தது. ஆனால் எண்ணிக்கை இன்னும் நூறுகளில்தான் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பழைய நிலைக்கு வர எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சீதையைக் காக்கப் போராடி உயிர்விட்ட ஜடாயுவுக்கு, தகப்பனுக்குச் செய்வதைப்போல் இராமன் ஈமக்கடன் செய்தான் என்று இராமாயணம் சொல்கிறது. ஊரிலுள்ள பிணங்களையெல்லாம் அப்புறப்படுத்தும் இனத்தில் பிறந்தவனுக்கு ஓர் அரசகுமாரன் கொள்ளி வைத்தான். சிறு வயதில் அதைக் கதையாகக் கேட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், நம் முன்னோர்கள் அந்தப் பறவைக்குத் தாங்கள் பட்ட கடனைக் கொஞ்சம் அறிந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

சென்ற ஆண்டு மறுபடியும் கழுக்குன்றத்துக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை படி ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கழுகுகள் உணவருந்திய பாறை அப்படியே இருக்கிறது. உச்சிவேளையில் அங்கே சற்று நேரம் நின்று ஆகாயத்தைப் பார்த்தேன். பருந்து ஒன்று தொலைவில் வட்டமிட்டது. வேறு ஒன்றும் வரவில்லை.

பாவி கூட்டத்தில் இருந்தால் கழுகு வராது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். கழுகு வராததனால் செத்துப்போன ஐந்து லட்சம் பேர் என்ன பாவம் செய்தார்கள்? ஓரணா திருடிய நான் அல்லவா இன்னும் உயிரோடு இருக்கிறேன்!

வீட்டில் மாடு வைத்திருக்கும் நேயர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாட்டு வைத்தியர் வரும்போது, அவர் பையிலிருந்து எடுக்கும் குப்பியின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.